பிளாண்டட் டேங்க்குக்கு லைட், சிஓ2 செட்டு போடப் போற குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு: 18,500 ரூபாய் போய் நிக்கிறேன், படிச்சிட்டுக் காசு குடுங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிளாண்டட் டேங்க், அதாவது உயிருள்ள செடி வளர்ற மீன் தொட்டி, வைக்கணும்னு ஆசைப்படுறவங்க, லைட்டும் கேஸ் செட்டும் (செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு, அதாவது சிஓ2, விடற சிலிண்டர் செட்டு) "நாங்களே வந்து போட்டுத் தாறோம்"னு சொல்ற கடைக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிருங்க. எனக்குப் போனது 18,500 ரூபாய். கூடவே வருஷக்கணக்கா வளர்த்த மீனுகளும் போச்சு. எப்படிச் சரியா செட்டு போடணும்ங்கறதையும் கடைசியில எழுதுறேன்.

கடைப் பேரை இங்க போடல, கமெண்ட்ல கேக்கவும் வேண்டாம். புகார் குடுக்கப் போற விஷயம். வண்ணமீன் கடை, மெயின் ரோட்டுல கண்ணாடி முகப்பு, வாட்ஸ்அப் குரூப்பு வெச்சு விக்கிறாங்க, வாரம் ஒரு வீடியோ போடுறாங்க. அது போதும்.

நான் புதுசா மீன் வளர்க்க வந்தவ இல்ல. ரெண்டடித் தொட்டி, அறுபது லிட்டருக்குக் கொஞ்சம் மேல தண்ணி. வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ்னு கேஸே தேவைப்படாத செடிங்க நல்லா நின்னுச்சு. சிவப்பு ரொட்டாலாவும் தரையில பாய் விரிச்ச மாதிரி படர்ற மாண்டி கார்லோவும் வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ரொட்டாலா இனம் நம்ம வயக்காட்டு ஓரத்துலயே முளைக்கும். ஆனா தொட்டிக்குள்ள அதைச் சிவப்பா கொண்டுவரணும்னா நல்ல வெளிச்சம் வேணும். வெளிச்சம் கூடினா செடி கார்பன் டை ஆக்சைடு கூடுதலா கேக்கும். அது கிடைக்கலன்னா செடிக்குப் பதிலா பாசிதான் வளரும். அதனாலதான் லைட்டையும் கேஸையும் சேர்த்தே வாங்கணும்னு போனேன்.

அந்தக் கடை வாசல்ல ஒரு டிஸ்ப்ளே தொட்டி இருக்கு. பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகு. ரொட்டாலா ரத்தச் சிவப்பு, இலை நுனியில எல்லாம் முத்து முத்தா ஆக்சிஜன் குமிழி. கடைக்காரர் அந்தக் கண்ணாடியில கையை வெச்சு, "அக்கா, இதே லைட்டு, இதே கேஸ் செட்டுதான் உங்களுக்கும். ஒண்ணாந்தரம் சாதனமாக்கும்"னாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். "எங்க அம்மா வீடு அங்கதான்லா"ன்னு எங்க தெருவுல உள்ள ரெண்டு குடும்பத்தைப் பத்தி விசாரிச்சாரு. குளச்சல்ல ஒரு வீட்டுல போட்டுக் குடுத்த தொட்டின்னு போன்ல படம் காட்டினாரு. நான் சும்மா தலையாட்டிட்டு வரல. ராத்திரி கேஸ் தானா நிக்குமான்னு கேட்டேன், சிலிண்டர் டெஸ்ட் பண்ணினதான்னு கேட்டேன், லைட்டு எத்தனை வாட்டுன்னு கேட்டேன். மூணுக்கும் பதில் வந்துச்சு. சோலனாய்டு (கரண்ட்ல திறந்து மூடற வால்வு) இருக்கு, கரண்ட் நின்னா கேஸ் நிக்கும். சிலிண்டர் டெஸ்ட் பண்ணினது, உள்ள 2 கிலோ ஃபுல் கேஸ். லைட்டு 60 வாட்டு.

லைட்டு 6,000, கேஸ் செட்டு 9,500, மண்ணும் செடியும் 2,200, போட்டுத் தர கூலி 800. மொத்தம் 18,500. ஜிபேல அனுப்பினேன். பில்லு கேட்டதுக்கு, "நமக்குள்ள பில்லு எதுக்குக்கா"ன்னாரு. விடாம கேட்டப்போ ஒரு துண்டுச் சீட்டுல "செட் – 18,500 – 1 வருடம்"னு எழுதிக் கடை சீல் வெச்சுத் தந்தாரு. அந்தச் சீட்டு பத்திரமா என் கையில இருக்கு.

ஒரு பையன் வந்து எல்லாம் மாட்டினான். தொட்டிக்குள்ள டிராப் செக்கர் ஒட்டினான். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: அது சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ள நிறம் மாறுற திரவம் இருக்கும். தண்ணியில கேஸ் கம்மின்னா நீலம், சரியான அளவுன்னா பச்சை, அதாவது சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்துல 30 பங்கு). மீனுக்கு ஆபத்து வர்ற அளவு கூடினா மஞ்சள். பிளாண்டட் டேங்க்ல மீன் உயிரோட இருக்கிறது இந்தக் கண்ணாடியை நம்பித்தான். பையன் போறதுக்குள்ளயே அது பச்சை. அந்தத் திரவம் மாற ஒண்ணு ரெண்டு மணி நேரமாவது ஆகுமேன்னு கேட்டேன். "இது புது மாடல்க்கா, டக்குனு காட்டும்"னான்.

முதல்ல எல்லாம் ஓடுச்சு. சாயங்காலம் டைமர் ஆஃப் ஆனதும் குமிழி நிக்கிறதை நானே நின்னு பார்த்தேன். டிராப் செக்கர் எப்பவும் பச்சை. காலையில பச்சை, மத்தியானம் பச்சை, ராத்திரி பச்சை.

அப்புறம் ஒரு நாள் விடியக்காலம் எழும்பிப் பார்க்கறேன், லைட்டு போடாத தொட்டியில கேஸ் குமிழியை எண்ணிப் பார்க்கற பபிள் கவுண்டர் கொதிக்குது. எண்ண முடியாத வேகம். டெட்ரா மீனுங்க பாதி மேல வந்து வாயைப் பிளந்துட்டு நிக்குது, மீதி தொட்டி அடியில கிடக்குது. என்கிட்ட ரொம்ப காலமா இருந்த ரெண்டு கொரிடோரஸ் மீனும் வயிறு மேல. சிலிண்டரைக் கையால அடைக்கறதுக்கு முன்னாடி சோலனாய்டு பிளக்கைப் பிடுங்கி வீடியோ எடுத்தேன். கரண்டே இல்லாம கேஸ் போய்க்கிட்டே இருக்கு. வால்வு திறந்தபடியே இறுகிப்போச்சு. உடனே ஏர் பம்ப்பைப் போட்டு, பாதித் தண்ணியை மாத்தினேன். நாலஞ்சு டெட்ரா பிழைச்சுது. இறால் ஒண்ணுகூட மிஞ்சல.

அப்பவும் டிராப் செக்கர் பச்சையாத்தான் இருந்துச்சு. மீன் மூச்சு முட்டிச் சாகுது, அது பச்சை.

வெளியே எடுத்தேன். உள்ள இருந்ததை ஒரு சின்ன கிளாஸ்ல ஊத்தி, ஸ்ட்ரா வெச்சு ஊதினேன். நம்ம மூச்சுல சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கு, நிஜத் திரவம்னா ஊத ஊத மஞ்சளாகணும். பச்சை. ரெண்டு சொட்டு வினிகர் விட்டேன். அப்பவும் பச்சை. விரல்ல தொட்டு வெள்ளைத் துணியில தேய்ச்சேன், சாப்பாட்டுக் கலர் பவுடர் கரைச்ச மாதிரி பச்சைக் கறை. டிராப் செக்கர் திரவம் புரோமோதைமால் ப்ளூ போட்டது, கடையில சின்ன பாட்டிலாவே கிடைக்கும். அதை மிச்சம் பிடிக்கக் கலர் தண்ணி ஊத்தி என் தொட்டியில ஒட்டியிருக்காங்க. மெஷின் கெட்டுப்போறது வேற. இது கெட்டது இல்ல. தெரிஞ்சே செஞ்சது. இதை நினைச்சா எனக்கு இப்பவும் கை நடுங்குது.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா பார்த்தேன். லைட்டு அடாப்டர்ல "60W"ன்னு ஒரு ஸ்டிக்கர். நகத்தால கிண்டினா அடியில இன்னொரு ஸ்டிக்கர்: 12 வோல்ட், 1.5 ஆம்பியர். பெருக்கினா 18 வாட்டு. அந்த அடாப்டரால அதுக்கு மேல தரவே முடியாது. ரொட்டாலா ஏன் வெளுத்துப்போய் அடியிலை உதிருது, மாண்டி கார்லோ ஏன் கரைஞ்சு போச்சு, நூல்பாசி மட்டும் ஏன் மண்டுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. 6,000 ரூபாய்க்கு 18 வாட்டு லைட்டு.

சிலிண்டரை எங்க ஊர்ல சோடா கம்பெனி வெச்சிருக்கிற அண்ணாச்சிகிட்ட கொண்டுபோனேன். பன்னீர் சோடா, கலர் எல்லாம் போடுறவரு, இந்த கேஸோட காலம் கழிச்சவரு. வால்வைத் திறந்து பார்த்து, உள்ள ஒண்ணுமில்லன்னாரு. நொடிக்கு ஒரு குமிழி கணக்குக்கு 2 கிலோ ஒரு வருஷத்துக்குக் குறையாம ஓடணும். எனக்கு ஒரு மாசம்கூட ஓடல. சோலனாய்டு ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலும் ரெகுலேட்டர் வழியா அவ்வளவு சீக்கிரம் தீராது, முதல்லயே கால்வாசிகூட அடிச்சிருக்க மாட்டான்னு அண்ணாச்சி சொன்னாரு. பிறகு சிலிண்டர் கழுத்தைத் துணியால துடைச்சு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரு. எழுத்து இருக்கவேண்டிய இடம் வழவழன்னு இருந்துச்சு, மேல பெயிண்ட். காலி எடை, டெஸ்ட் பண்ணின மாசம் வருஷம் எல்லாம் அங்க குத்தியிருக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தம் குடுத்துப் பார்க்கற சோதனை) பண்ணணும். அதைத்தான் கிரைண்டர் வெச்சு அராவி எடுத்திருக்காங்க. "இது பழைய ஃபயர் சிலிண்டராக்கும் மக்களே. தேதி இல்லாத இதுல நான் கேஸ் அடிக்க மாட்டேன். வீட்டுக்குள்ளயும் வைக்காத"ன்னாரு.

காலி எடை இல்லன்னா கேஸ் எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. உள்ள திரவமா இருக்கிறவரைக்கும் மீட்டர் முள்ளு ஒரே இடத்துல நிக்கும், எடை போட்டாத்தான் தெரியும். அப்போ எழுத்தை ஏன் அராவினாங்கன்னு யோசிச்சுக்கோங்க. இதுல இன்னொண்ணும் இருக்கு. 30 டிகிரி சூட்டுல ஃபுல் சிலிண்டருக்குள்ள 70 பாருக்கு மேல அழுத்தம். கார் டயர்ல 2 பார் சொச்சம்தான். எங்க மாமியார் தூங்கற ரூம்ல அந்தத் தொட்டி. 2 கிலோ கேஸ் முழுசா வெளியேறினா ஒரு கன மீட்டருக்கு மேல வரும், கதவடைச்ச சின்ன ரூம்ல அது மனுஷனுக்கும் நல்லதில்ல.

இனி கடைக்காரர் சொன்ன பதில்கள். வீடியோ அனுப்பினேன், ரெண்டு நீல டிக், பதில் இல்ல. விளிச்சா எடுக்கல. மகனோட நம்பர்ல இருந்து விளிச்சதும் எடுத்தாரு: "நீங்க நீடில் வால்வைத் திருகியிருப்பீங்கக்கா." கேஸ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு அது. தொடவே இல்லன்னேன். "கோட்டார் சவேரியார் திருவிழா முடியட்டும், பையன் லீவு, அனுப்பி வைக்கேன்." திருவிழா முடிஞ்சுது. "மழையாட்டு இருக்குக்கா, பைக்குல எப்படி வருவான்?" மழை விட்டுச்சு. "நான் விளிக்கேன்." விளிக்கல.

நேர்ல போனேன். துண்டுச் சீட்டைக் காட்டி ஒரு வருஷம் கேரண்டி எழுதியிருக்கீங்களேன்னு கேட்டேன். "அது தொட்டி லீக் ஆச்சுன்னாக்கும்"னாரு. தொட்டி அவங்ககிட்ட வாங்கினதே இல்ல! நான் பல வருஷமா வெச்சிருக்கிற தொட்டி! அதைச் சொன்னதும், "வீட்டுல அண்ணன் இருந்தா பேசச் சொல்லுங்க, உங்களுக்கு இது விளங்காது"ன்னாரு. என் வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்காரு. காசு குடுத்தது நான், ஜிபே என் பேர்ல, தொட்டி என்னோடது. அடாப்டரை மேசையில வெச்சு 12 வோல்ட், 1.5 ஆம்பியர், நீங்களே பெருக்குங்க தம்பின்னு சொன்னேன். கடையில நின்ன ஆளுங்க திரும்பிப் பார்த்தாங்க. உடனே குரலைத் தாழ்த்தி, "500 ரூபாய்க்கு மீனு எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. 18,500 ரூபாய்க்கு 500 ரூபாய் மீனு.

வெளிய வரும்போது அந்த டிஸ்ப்ளே தொட்டி லைட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தடிச்ச அலுமினியம், முதுகுல வரி வரியா ஹீட் சிங்க், பிராண்டு பேருக்கு மேல கறுப்பு டேப். எனக்குத் தந்தது தகரப்பட்டை மாதிரி மெல்லிசு. ரெண்டும் ஒரே லைட்டு இல்ல. அதையும் போட்டோ எடுத்தாச்சு. அன்னைக்கே வாட்ஸ்அப் குரூப்புல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

1915-ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ல விவரம் கேட்டேன். நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு. 5 லட்சத்துக்குள்ள உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கலாம். குடுக்கத்தான் போறேன்.

செட்டு போடற முறையை விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்கு மனசு வரல. அவசரமா இது மட்டும்:

சிலிண்டர் கழுத்துல டெஸ்ட் தேதியும் காலி எடையும் கையால தடவிப் பார்த்துட்டு, உங்க கண்ணு முன்னால எடை போட்டு வாங்குங்க. எழுத்து இல்லன்னா வேண்டாம்.

டிராப் செக்கர் திரவத்தைக் கடைக்காரன் ஊத்திக் குடுக்கறதை நம்பாதீங்க. 4 டிகேஹெச் (தண்ணியோட கார்பனேட் கடினத்தன்மை அளவு) திரவம்னு சீல் பிரிக்காத பாட்டில் வாங்கி நீங்களே ஊத்துங்க.

லைட்டு அட்டைப்பெட்டியைப் பார்க்காதீங்க, அடாப்டரைப் பாருங்க. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க.

ராத்திரி ஒரு ஏர் பம்ப் தனி டைமர்ல ஓடட்டும். சோலனாய்டை மட்டும் நம்பி மீனை விடாதீங்க. நம்ம பக்கத்துக் கிணத்துத் தண்ணி பல இடத்துல மென்மையானது, எங்க வீட்டுல கேஹெச், அதாவது அதே கார்பனேட் கடினத்தன்மை, 2 தான். பிஹெச் சட்டுனு இறங்கும், குமிழியைக் குறைவா வெச்சு ஆரம்பிங்க.

பில்லுல ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி விலை எழுதாத கடையில ஒத்த ரூபாய் குடுக்காதீங்க.

இந்த மாவட்டத்துல யாராவது கடந்த சில மாசத்துல இதே மாதிரி பேரில்லாத செட்டு வாங்கிப் போட்டிருந்தா, இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி சிலிண்டரைக் கையால அடைச்சிட்டு, டிராப் செக்கர்ல உள்ளதை எடுத்து ஒருதரம் ஊதிப் பாருங்க. மஞ்சளாகலன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே புகார் குடுப்போம்.