ஹட்டனிலிருந்து திருச்சிக்கு: விமானத் தூரம் கணிக்கும் இணையச் சேவை எவ்வளவு பயன்படும்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைப்பட்ட தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணித்துத் தரும் இலவச இணையச் சேவைகளுள் ஒன்றை, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து திருச்சிக்குப் புறப்படும் குடும்பத்தின் கண்கொண்டு சோதித்துப் பார்த்தேன். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டில் இருக்கும்வரை, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மலையகத்தாருக்கு இந்தக் கணக்கு தேவைப்படவே செய்யும்.

தூரத்தில் குறை சொல்வதற்கில்லை. கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 420 கிலோமீற்றர், சென்னைக்கு ஏறத்தாழ 650 கிலோமீற்றர். இவை புவியின் வளைவைக் கணக்கிற்கொண்டு அளந்த மிகக் குறுகிய பாதைகள். வகுத்த வான்தடங்களில் சென்று, ஓடுபாதைக்கு ஏற்பத் திரும்பி இறங்கும் விமானம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கும்.

நேரக் கணிப்பைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு 800 கிலோமீற்றர் வேகம் என்று வைத்து, மேலெழுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணித்தியாலம் கூட்டுவதே இத்தகைய சேவைகளில் வழக்கமான முறை. ஜெட் விமானம் பறக்கும் கட்டுநாயக்க - திருச்சி வழிக்கு இதன்படி ஒரு மணித்தியாலம் வருகிறது. விமான அட்டவணையும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு 185 கிலோமீற்றர்தான் என்பதால் அதே கணக்கு முக்கால் மணித்தியாலம் என்கிறது. ஆனால் 2025இல் அவ்வழியில் தொடங்கிய சேவையில் பறப்பது உந்துவிசிறி கொண்ட, வேகம் குறைந்த ஏடிஆர் விமானம். தூரம் பாதிக்கும் குறைவாக இருந்தும் அதற்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது. விமான வகையைக் கேட்காமலே நேரத்தைச் சொல்வது இச்சேவையின் பெருங்குறை.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் குழப்பமின்றி ஒப்பிடலாம்.

அண்மையில் உள்ள விமான நிலையத்தைக் காட்டும் பகுதியோ மலையகத்தாருக்குச் சற்றும் உதவாது. ஹட்டனுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே நேர்கோட்டில் 90 கிலோமீற்றர்கூட இல்லை என்பது உண்மைதான். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்திறங்கும் வீதியில் வேனுக்கு நான்கு மணித்தியாலம் போய்விடும், மழைக்காலத்தில் அதற்கும் மேலாகும். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், காலை விமானத்துக்கு முந்தின இரவே தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். ஆகவே பயணச்சீட்டு எடுக்குமுன் பிற்பகல் விமானம் உண்டா என்று பார்ப்பது நல்லது. அதற்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைத்தான் திறக்க வேண்டும், இச்சேவையில் அது கிடையாது.