ஒன்பது வருடமாகப் பூங்காவைப் பார்த்துத் தோட்டம் போடுகிறேன்

கோவை வடவள்ளிக்குக் குடிவந்த புதிதில் நான் செய்த முதல் முட்டாள்தனம் ஹைட்ரேஞ்சியா. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு, நீலக் கொத்துகளோடு நின்ற இரண்டு தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டே மலை இறங்கினேன். ஆனி முடிவதற்குள் இரண்டும் சருகு. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் அந்தக் கண்காட்சி நடக்கிற ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைக்க ஆரம்பித்த இடம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் கோவை 400 மீட்டர்தான் சுமாராக. மேலே வளர்வது கீழேயும் வளரும் என்று நினைத்தது என் தப்பு, செடி என்ன செய்யும்?

அப்புறம்தான் மருதமலை ரோட்டிலேயே இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன். 1868-ல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான இடம். அந்தப் பெருமையெல்லாம் சரி. எனக்கு வேண்டியது வேறு: அங்கே அடிக்கிற வெயிலும் காற்றும்தான் என் வீட்டிலும் அடிக்கிறது. ஒன்பது வருடமாக மாதம் ஒரு தடவையாவது போகிறேன். பூவைப் பார்ப்பதைவிட, அந்த மாதம் தோட்டக்காரர்கள் கையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்பதுதான் அதிகம். குழந்தைகளோடு சும்மா சுற்றிப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். செடி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வருடமும் போதாது.

சித்திரையில் மத்தியானம் மட்டும் போகாதீர்கள், மண்டை காய்ந்துவிடும். காலையில் போனால் கொன்றை பார்க்கலாம். ஒரு வெயிலில்தான் காகிதப்பூ எனக்குப் பாடம் சொன்னது. வெளியே எல்லா இடத்திலும் இலையே தெரியாமல் பூத்துக் கிடக்க, என் வீட்டில் மட்டும் பச்சைப் பசேலென்று இலை. நான் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதைச் சுகவாசி ஆக்கியிருந்தேன். காகிதப்பூவைக் கொஞ்சம் வாடவிட வேண்டும். மண் நன்றாகக் காய்ந்தபிறகு ஊற்றினேன், மூன்று வாரத்தில் மொட்டு.

என்னை உண்மையிலேயே தோற்கடித்தது இட்லிப்பூ. வாங்கி வைத்த ஆறாவது மாதம் கொழுந்து இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை. சத்துக் குறைவு என்று சாணி உரம் போட்டேன், அப்புறம் மண்புழு உரம், அப்புறம் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி கணக்கில். மற்ற செடிகள் ஜோராக வந்தன, இது மட்டும் அசையவில்லை. ஒருநாள் இலையைக் கிள்ளிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்கம்மிணி, அடியிலை பச்சையாத்தான இருக்குது?”

“ஆமாங்க்கா, மேலதான் மஞ்சள்.”

“அப்ப எருவு போட்டு என்னத்துக்கு ஆகுது? போர்த் தண்ணிதான ஊத்தறீங்க? அன்னபேதி வாங்கி அடிச்சு உடுங்க.”

அன்னபேதி என்றால் இரும்பு சல்பேட் உப்பு. விஷயம் இதுதான். தழைச்சத்து குறைந்தால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்து மஞ்சளாகும். நம் பக்கத்துக் கரிசலில் பல இடங்களில் சுண்ணாம்பு அதிகம், போர்த் தண்ணீரும் உப்பு. அதனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. குடிக்கிற சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? எனவே இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். வெயில் தாழ்ந்தபிறகு இலை நனைய அடிக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு இன்னொரு முறை. அடுத்து வந்த கொழுந்து பச்சையாகவே வந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: டைல்ஸ் மேல் தெறிக்காமல் அடியுங்கள். எங்கள் திண்ணையில் துருக்கறை இன்னும் இருக்கிறது.

ஆடிக் காற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பட்டதுதான். மேற்கே இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறும் வேகத்தை மட்டும் நமக்குக் கொடுக்கிறது. மேகம் மூட்டமாக இருக்கிறதே என்று ஏமாந்து தண்ணீரைக் குறைத்தால் தொட்டி காய்ந்துவிடும். மரங்களுக்குக் கிழக்கே ஒண்டியிருந்த பூங்காச் செடிகள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, நானும் தொட்டிகளை வீட்டின் கிழக்குச் சுவரோரம் மாற்றினேன். ஆடிப்பட்டத்தில் போட்ட அவரைப் பந்தல் அதற்கப்புறம் சாயவில்லை.

நடுவில் ஒரு சறுக்கல். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கடையில் தென்னைநார்க் கழிவுக் கட்டி மலிவாகக் கிடைத்தது. ஊறவைத்து, உதிர்த்து, அப்படியே தக்காளி நாற்று நட்டேன். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. நார்க்கழிவில் உப்பு அதிகம், மூன்று நான்கு தண்ணீர் மாற்றி அலசிவிட்டுத்தான் போட வேண்டும். அலசியது என்று எழுதியிருந்தாலும் நான் இப்போது இன்னொரு முறை அலசிவிடுகிறேன்.

கார்த்திகைதான் எனக்குப் பிடித்த மாதம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ரோஜாவைக் கவாத்து செய்வார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மீதியை வெட்டிவிட வேண்டும். முதல் தடவை நான் கத்தரிக்கோலோடு போனபோது அத்தைக்குத் தாங்கவில்லை. “ஏம்புள்ள, அந்தச் செடி மேல உனக்கு என்ன கோவம்?” என்றார். மார்கழி முழுக்கக் குச்சியாய் நின்ற செடியைத் தாண்டும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பங்குனியில் தினமும் ஒரு கிண்ணம் மொட்டு பறித்தவரும் அவர்தான். கவாத்தைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

மலர்க் கண்காட்சி இங்கே குளிர் முடிகிற சமயத்தில், பிப்ரவரி வாக்கில் நடக்கும். அங்கே பெட்டூனியாவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே விதை வாங்குவது வீண். விதைத்துப் பூக்க இரண்டரை மூன்று மாதம் ஆகும், அதற்குள் வெயில் வந்துவிடும். பூவைப் பார்த்த தேதியிலிருந்து பின்னால் எண்ணினால் ஐப்பசி, கார்த்திகை வரும். நான் நோட்டில் பெயரை எழுதிவைத்து ஐப்பசியில்தான் விதை வாங்குகிறேன். லத்தீன் பெயரையும் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நர்சரியில் கொன்றை என்று கேட்டால் எதைக் கொடுப்பார்களோ தெரியாது, காசியா ஃபிஸ்டுலா என்றால் சரக்கொன்றைதான் வரும்.

செவ்வந்தி விவகாரம் இன்னும் முடியவில்லை. ஒரே நாளில் வாங்கிய இரண்டு தொட்டிகளில் ஒன்று மார்கழியில் பூத்துக் குலுங்கியது, கேட் ஓரம் வைத்தது பொங்கல் காப்புக்கட்டு வரைக்கும் ஒரு மொட்டுகூட விடவில்லை. தண்ணீரும் உரமும் ஒன்றுதான். கடைசியில் பார்த்தால் காரணம் தெருவிளக்கு. செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், ராத்திரி வெளிச்சம் பட்டால் பகல் இன்னும் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டு இலையாகவே வளரும். சரி என்று வாசலைவிட்டு மாடிக்கு மாற்றினேன். இப்போது மாடிக்கும் எல்இடி வெளிச்சம் வருகிறது. வீட்டைச் சுற்றி இருட்டாக இருக்கிற ஒரே இடம் பின்னால் துவைக்கிற கல். செவ்வந்தித் தொட்டிகளை எல்லாம் அதன் மேல் ஏற்றியாயிற்று. அத்தை துணியை எங்கே துவைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.