வீட்டைப் புதுப்பிக்க முழு ஒப்பந்தமா, கூலி ஒப்பந்தமா?

பொருளுக்கும் ஆளுக்கும் ஒருவரே பொறுப்பேற்கும் முழு ஒப்பந்தத்தில் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றாலும், சுவரை உடைத்த பிறகே வெளிப்படும் நீர்க்கசிவும் துருப்பிடித்த கம்பியும் பெரும்பாலும் அத்தொகைக்குள் அடங்குவதில்லை. ஆகவே கூடுதல் வேலையை எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றித் தொடங்கக் கூடாது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். குழாய், மின்கம்பி போன்றவற்றின் தரத்தைக் குறிப்பிடாவிட்டால் மலிவான சரக்கு வந்து இறங்கக்கூடும்.

கூலி ஒப்பந்தத்தில் பொருளை நாமே வாங்குவதால் தரம் நம் கையில் இருக்கும். ஆனால் வீணாகும் பொருளின் செலவும், சரக்கு தாமதமானால் நின்றுபோகும் வேலையும் நம்மையே சேரும். தினமும் மேற்பார்வையிட நேரமில்லாதவருக்கு முழு ஒப்பந்தமே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

எதுவாயினும், முடிந்த வேலைக்கேற்பத் தவணைகளாகப் பணம் கொடுத்து, குளியலறைத் தரையில் தண்ணீரைத் தேக்கிக் கசிவில்லை என்று உறுதிசெய்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.