1,180 பவுண்ஸ் வாங்கிவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்: பழைய ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்றுத்தான் வேறொரு மெக்கானிக் என்ர வண்டியின் டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் கவரைத் திறந்தார். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளையும் ஒரே கணக்கில் சுற்ற வைக்கும் பல் வைத்த பெல்ட் அது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. 1,180 பவுண்ஸ் கட்டின வேலைக்கு, உள்ளே புதிதாக இருப்பது ஒரேயொரு பெல்ட். அதையும் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள்.

வண்டி 1990 யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மாஸ்டா எம்எக்ஸ்-5இன் ஜப்பான் பதிப்பு. 1.6 எஞ்சின், பிறகு ஏற்றின டர்போ, எஞ்சினைக் கட்டுப்படுத்த மெகாஸ்குவேர்ட் ஈசியூ. கராஜின் பெயரை எழுதவில்லை, விஷயம் கோர்ட்டுக்குப் போகக்கூடும். லண்டனுக்குக் கொஞ்சம் வெளியே, பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்தான் பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளும் சின்ன இடம். நடத்துவது எங்கட ஆள்தான்.

இந்த எஞ்சினுக்கு பெல்ட் மாற்றும் கணக்கு 60,000 மைல். ஆனால் வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு மைல் கணக்கு உதவாது, ரப்பருக்கு வயசு போகும். கடைசியாக மாற்றின பில்லில் 2009 என்று இருக்கிறது. அதனால்தான் முழு செட்டும் கேட்டது.

நம்ப வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டைச் சொன்னவுடனேயே அவர் கேட்டார்: "தம்பி, அப்ப அது ஷோர்ட் நோஸ் கிராங்க் எல்லோ? அந்த போல்ட்டை டோர்க் ரென்ச் இல்லாமல் நான் தொடவே மாட்டன்." டோர்க் ரென்ச் என்றால் இறுக்கத்தை அளந்து பூட்டும் கருவி. இந்த வண்டியைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வசனம் போதும். 1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த எஞ்சின்களில் கிராங்கின் முன்முனை கட்டை. முன் புல்லியில் நாலு வெட்டு இருந்தால் ஷோர்ட் நோஸ், எட்டு இருந்தால் பின்னால் வந்த லோங் நோஸ். கட்டை முனையில் நடு போல்ட் சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் புல்லி நுண்ணியதாக ஆடும். அந்த ஆட்டம் புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டான கீயைத் தின்னும், பிறகு கீ உட்காரும் பள்ளத்தையே அகட்டும். பள்ளம் மோசமாக அகண்டால் எஞ்சினை இறக்கி கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். இவ்வளவும் அந்த மனிசனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தார்.

பில்லில் இருந்தவை: டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் சில்லு, டென்ஷனர் ஸ்பிரிங், வோட்டர் பம்ப், கேம் சீல் இரண்டு, கிராங்க் முன் சீல், கூலன்ட், கூலி. மொத்தம் 1,180. கார்ட் மெஷின் பழுதாம், பேங்க் ட்ரான்ஸ்ஃபர் செய்யச் சொன்னார்.

எடுத்துக்கொண்டு வந்த முதல் ஓட்டத்திலேயே கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இல்லை, ஐடில் ஆடுகிறது, டர்போவின் பூஸ்ட் பிந்தி வருகிறது. போன் அடித்தால், "புது பெல்ட், செட் ஆகக் கொஞ்சம் டைம் எடுக்கும்." பல் வைத்த பெல்ட் செட் ஆகி டைமிங் திருந்துமாம்! அடுத்த முறை, "டர்போ போட்ட வண்டி தம்பி, உங்கட டியூனைப் பாருங்கோ." பழைய பாகங்களைக் கேட்டபோது, "ஸ்க்ராப்காரன் கொண்டு போய்ட்டான்." கடைசியாக ஒரு மெசேஜ்: மொடிஃபை பண்ணின வண்டிக்கு வாரண்டி இல்லை. அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான்.

இனி, கவருக்குள் இருந்ததைக் கேளுங்கோ.

கேம் புல்லிகளில் I, E என்று குறி இருக்கும். இரண்டும் பின் தட்டிலுள்ள குறிகளோடு நேராக நிற்க வேண்டும், இரண்டு குறிக்கும் இடையில் பெல்ட்டில் 19 பல். இங்கே 20. ஒரு கேம் ஒரு பல் தள்ளி நிற்கிறது. அதைவிடக் கேவலம், கேமின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சரைத் திருப்பி, தீப்பொறி நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் சரியான அளவான 10 டிகிரி காட்ட வைத்திருக்கிறார்கள். லைட் பிடித்தால் எல்லாம் சரி மாதிரித்தான் தெரியும். இக்னிஷனைச் சென்சரால் திருப்பலாம், வால்வு திறக்கும் நேரத்தைத் திருப்ப முடியாது. இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் முட்டாது, பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது. தலை தப்பியது அதனால்தான்.

டென்ஷனரும் ஐட்லரும் பழையவை, கையால் சுற்றினால் பெயரிங் கரகரக்கிறது. வோட்டர் பம்ப் இருப்பது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால், ஆனால் அதைச் சுற்றுவது ஓல்டர்னேட்டர் பெல்ட். பம்பையும் டைமிங் பெல்ட்டையும் ஒன்றாக மாற்றுவது கூலி மிச்சம் என்பதற்காகத்தான். இங்கே பழைய பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே துருவின் கோடு அப்படியே இருக்கிறது. கிராங்க் சீலைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. சீல் பழையது, அதைச் சுற்றி விரலால் சிலிக்கான் பூசியிருக்கிறார்கள், ரேகை கூடத் தெரிகிறது. நடு போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள், சீலை மாற்றவில்லை. போல்ட் தலையில், இறுக்கத்தை அளக்காமல் அடித்துப் பூட்டும் இம்பாக்ட் கன் கடித்த தழும்பு. ஷோர்ட் நோஸ் போல்ட்டுக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், டோர்க் ரென்சால் மட்டும். புல்லி இப்போதே கண்ணுக்குத் தெரிய ஆடுகிறது, கீயின் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. உலோகங்களின் இடைவெளியை நிரப்பும் லாக்டைட் 660 பசை போட்டுப் புதுக் கீயோடு காப்பாற்றலாமா என்று பார்க்கிறோம். முடியாவிட்டால் கிராங்க்தான், 1,180 எல்லாம் அதற்கு முன்னால் சில்லறை.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

பெல்ட்டைப் போட்டு டென்ஷனரை ஸ்பிரிங்கில் விட்டு, கிராங்கை வலம் சுழியாக 1 முழுச்சுற்றும் 5/6உம் சுற்றி, அங்கே டென்ஷனரை இறுக்க வேண்டும். பிறகு இன்னும் 2 சுற்றும் 1/6உம் சுற்றிக் குறிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டு கேம் புல்லிக்கும் நடுவில் சுமார் 10 கிலோ பலத்தில் அமுக்கினால் 9 முதல் 11.5 மிமீ தாழ வேண்டும். கவரை மூட முன்னர் 19 பல் எண்ணிய படம் கேளுங்கோ, தர மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாங்கோ.

பழைய பாகங்கள் வேண்டும் என்று வேலைக்கு முன்னரே எழுத்தில் சொல்லி வையுங்கோ. வண்டி மொடிஃபை பண்ணினது என்பதையும் பில்லில் எழுத வையுங்கோ, பிறகு அதையே சாட்டாகச் சொல்ல விடாதீங்கோ.

100 பவுண்ஸுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்ட், செக்‌ஷன் 75 பாதுகாப்பு (வேலை பிழைத்தால் கார்ட் கம்பனியிடமும் பணம் கேட்கும் உரிமை) அதற்குத்தான். பேங்க் ட்ரான்ஸ்ஃபருக்கு அது இல்லை. நியாயமான கவனத்தோடு வேலை செய்யவேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது, டர்போ வண்டிக்கு விலக்கு என்று அதில் எங்கேயும் இல்லை. கவரைத் திறக்கும்போது எடுத்த படங்களும் இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்து அறிக்கையும் சேர்த்து, வழக்குக்கு முந்திய நோட்டீஸ் இன்று காலை ரெஜிஸ்டர் தபாலில் போயிருக்கிறது. கேட்டிருப்பது முழு 1,180உம், கிராங்கைச் சரிப்படுத்தும் செலவும்.