சுப்ரமணியபுரம் சட்டை: ரெடிமேடை ஆல்டர் செய்வதா, புதிதாகத் தைப்பதா?

பள்ளிக்கூட நண்பனுக்குத் தை மாதம் பாலக்கோட்டில் கல்யாணம். தர்மபுரிப் பக்கம் கல்யாண மண்டப வாசலில் நண்பர்கள் வைக்கும் ஃபிளெக்ஸ் ஒன்று கட்டாயம் உண்டு. அதில் சினிமா போஸ்டர் போல நிற்கவில்லை என்றால் ஃபிளெக்ஸ் வைத்ததாகவே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நாங்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஏற்கெனவே தாடி இருந்ததால் ‘சுப்ரமணியபுரம்’ என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. 2008-இல் வந்த படம், கதை நடப்பது 1980-இன் மதுரையில். நீளக் காலர், உடம்பைக் கவ்விய சட்டை, பெல்பாட்டம். பெல்பாட்டத்தை அப்போதே கைவிட்டோம். ஃபிளெக்ஸில் இடுப்புக்குக் கீழே எங்கள் பெயர்களும் செல்போன் எண்களும் வந்துவிடும், கால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆக, சட்டை மட்டும். அதற்கு நால்வரும் மூன்று வழியில் போனோம். நான் கடையில் ரெடிமேட் வாங்கி ஆல்டர் செய்தேன். இன்னொருவனும் அதையே செய்தான், ஆனால் ஓர் இடத்தில் வழுக்கினான். மூன்றாமவன் துணி எடுத்துத் தைத்தான். நாலாமவன் வாடகைக்கு எடுக்கலாம் என்று கிளம்பினான். நான் ஆல்டர் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாடகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாடக, மாறுவேட உடைகள் வாடகைக்குத் தரும் கடைகளில் ராஜா, பாரதியார், போலீஸ் எல்லாம் கிடைக்கும். எழுபது எண்பதுகளின் சாதாரண சட்டை என்று கேட்டால் பளபளக்கும் துணியில் தோளுக்கு வெளியே தொங்குகிற ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். நான் வாடகைக்கு எடுத்தது வாழ்நாளில் ஒரே முறை, அதுவும் அக்கா மகனின் பாரதியார் வேடத்துக்கு. அதனால் இதில் என் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம். நண்பன் சேலம் வரை 60 கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பெட்டியைத் திறந்தால் அவன் அப்பாவின் பழைய டெரிகாட்டன் சட்டை, நீளக் காலரோடு அப்படியே இருந்தது. அந்தத் துணி நைந்தே போகாது போலிருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே உடம்பு. எங்கள் நால்வரில் அசல் அவன்தான். இந்த அதிர்ஷ்டம் உங்களுக்கும் இருக்கிறதா என்று பரணை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

துணி எடுத்துத் தைப்பதன் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அளவு நம்முடையது, காலர் நாம் கேட்கும் நீளம், எங்கும் ஒட்டு இல்லை. நண்பனுக்கு ஆன செலவு: 1.6 மீட்டர் பிட் 480 ரூபாய், தையல் கூலி 450, மொத்தம் 930. பணத்தைவிட நாள்தான் பிரச்சினை. பொங்கலை ஒட்டி டெய்லர் கடையில் பள்ளிப்பிள்ளைகள் முதல் பெரியவர் வரை எல்லோருடைய துணியும் குவிந்து கிடக்கும். இன்று, நாளை என்று பதினோரு நாள் இழுத்தார்கள்.

அதோடு இன்னொன்று. டெய்லருக்குக் கை பழகிய காலர் ஒன்று இருக்கிறது. நண்பன் நாலு அங்குல நுனி கேட்டான். “அவ்வளவு நீளம் அசிங்கமா இருக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டு மூன்றே காலுக்கு வெட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நல்ல சட்டைதான் தைத்துக் கொடுத்தார். சினிமாச் சட்டை அது இல்லை, அவ்வளவுதான்.

இப்போது ஆல்டர். இதில் மூன்று வேலை: சைடு பிடிப்பது, கையைக் குறைப்பது, காலர் மாற்றுவது. முதல் இரண்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கும் எந்த ஆல்ட்ரேஷன்காரரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். சைடு பிடிப்பதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். ரெடிமேட் சட்டையில் உள்ளே விட்டுவைத்த துணி இருக்காது. உள்ளே பிடிக்க முடியும், வெளியே விட முடியாது. ஆகவே மார்பு கொஞ்சம் லூசாக இருப்பதை வாங்கலாம். தோள் மட்டும் சரியாக உட்கார வேண்டும், அதைத் திருத்த ஆரம்பித்தால் கை முழுவதையும் கழற்றி மாட்ட வேண்டி வரும்.

எல்லாமே காலரில்தான் இருக்கிறது. காலத்தைக் காட்டுவது அதுதான். இன்றைக்குக் கடையில் தொங்கும் சட்டைகளை அளந்து பார்த்தேன், காலர் நுனி இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் அங்குலம். நமக்கு வேண்டியது நாலு. இருப்பதை இழுத்து நீட்ட முடியாது. கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டியை அப்படியே விட்டுவிட்டு, மடிந்து விழும் பகுதியை மட்டும் பிரித்து எடுத்து, புதிதாக வெட்டி அதே தையலில் செருக வேண்டும். அனுபவமுள்ள டெய்லருக்கு இது பெரிய வேலை இல்லை.

அந்தப் புதுக் காலருக்குத் துணி எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. ஆல்டர் தேறுவதும் தேறாததும் இந்த ஒரு கேள்வியில்தான்.

வழுக்கிய நண்பன் கடுகு நிறத்தில் அரைக்கைச் சட்டை வாங்கினான். அதற்கு மேட்சிங் என்று கால் மீட்டர் துணியும் எடுத்தான். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஒரே நிறம், சத்தியமாக. கடை வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தால் ஒன்று கடுகு, இன்னொன்று மாம்பழம். வேறு வேறு சாயத்தில் தோய்த்த துணிகள் ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொரு வெளிச்சத்தில் முறைத்துக்கொள்ளும். ஃபோட்டோவோ காலை வெயிலில், பென்னாகரம் ரோட்டில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில். “பரவாயில்லை, ஃபிளெக்ஸில் எல்லாம் கலர் ஏற்றிவிடுவார்கள்” என்று அப்படியே தைத்துவிட்டான். ஏற்றினார்கள். அவன் முகமும் சேர்ந்து மஞ்சளானது.

அதோடு போகவில்லை. கல்யாணத்தன்று போட வேண்டுமே என்று முதல் நாள் துவைத்தான். சட்டைத் துணி அளவாகச் சுருங்கியது, காலர்த் துணி அதுவரை நனைக்காத வெறும் பருத்தி, அது அதிகமாகச் சுருங்கியது. பட்டியோடு சேரும் இடமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருக்கம். இஸ்திரி போட்டும் படியவில்லை. வெளியிலிருந்து துணி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். சுருக்கத்திலிருந்து தப்பலாம், நிற வித்தியாசத்திலிருந்து தப்ப முடியாது.

நான் செய்தது வேறு. முழுக்கைச் சட்டையாகப் பார்த்து வாங்கினேன். மெரூனில் பொடிப் புள்ளி, 450 ரூபாய். முழுக்கையை அரைக்கையாக வெட்டினால் ஒவ்வொரு கையிலும் ஏறக்குறைய 14 அங்குல நீளத் துணி மிஞ்சுகிறது. அதே துணி, அதே சாயம், அதே அளவு சுருங்கும். காலரின் ஒரு பாதிக்கு, நுனியின் நீட்சியையும் சேர்த்து, 10 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே போதும். ஒரு கையிலிருந்து மேல் துணிக்கு ஒன்று, அடித் துணிக்கு ஒன்று என இரண்டு பாதிகள் வருகின்றன. இரண்டு கைக்கும் நான்கு பாதிகள். துணியின் பாவு இழை, அதாவது நெசவில் நீளமாகப் போகும் நூல், கையின் நீளவாக்கில் ஓடும், காலரையும் அந்த வாக்கிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று டெய்லர் அண்ணன் சொன்னார். கையை வெட்டும்போது மட்டும் அவசரம் கூடாது. அரைக்கை எவ்வளவு வேண்டும், ஓரம் மடிக்க எவ்வளவு என்று முதலில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு அப்புறம் கத்திரியை வைக்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு. நான்கு பாதிகள் என்றால் பின்கழுத்தின் நடுவில் ஒரு தையல் ஒட்டு வரும். கோடு போட்ட சட்டையிலோ கட்டத்திலோ அது கண்ணை உறுத்தும், பொடிப் புள்ளியில் கிட்டத்தட்டத் தெரியாது. தெரிந்தாலும் 1980-க்கு ஏற்ப முடி வளர்த்திருந்தோம், காலர் மேல் புரளும் முடி அதை மூடிவிட்டது.

நீளத்தை எப்படி முடிவு செய்வது? பழைய தினசரிக் காலண்டரின் அட்டையைக் காலர் வடிவில் வெட்டி, சட்டைக் காலர் மேல் கிளிப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்றரை போதாது, நாலரையில் காது முளைத்த மாதிரி இருந்தது. நாலு. அட்டையையே டெய்லரிடம் நீட்டிவிட்டேன். வாயால் சொல்லும் அளவை அவர் மனசுக்குப் பிடித்தபடி குறைப்பார், அட்டையைக் குறைக்க மாட்டார். உள்ளே கெட்டியான கேன்வாஸ் வைக்கச் சொல்வது முக்கியம். நீள நுனி மெல்லிய கேன்வாஸில் நிற்காது, மத்தியானத்துக்குள் மேல்நோக்கிச் சுருண்டுவிடும்.

காலருக்கு 120, சைடுக்கு 50, கைக்கு 30. சட்டையோடு சேர்த்து 650 ரூபாய். காலையில் கொடுத்து மாலையில் வாங்கினேன். இது என் ஒரு சட்டையின் கதைதான். ஜீன்ஸ் துணிச் சட்டை, வழுக்கும் பட்டு மாதிரித் துணி இதிலெல்லாம் நான் செய்து பார்த்ததில்லை, டெய்லரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் சட்டை எதற்கு உதவும் என்று பார்த்தால், ஒப்புக்கொள்கிறேன், தைத்தவன்தான் ஜெயித்தான். மூன்றே கால் காலரோடு ஆபீசுக்கே போட்டுக்கொண்டு போகிறான். டெரிகாட்டன்காரன் சட்டையை அப்பாவே திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். கடுகுச் சட்டை இப்போது வண்டி துடைக்கிறது.

என்னுடையதை ஒரு மாதம் கழித்து அதே அண்ணனிடம் கொண்டுபோனேன். நீளக் காலரை எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், அது ஒரு சௌகரியம். நாற்பது ரூபாய்க்கு நுனியை மூன்று அங்குலமாக்கிக் கொடுத்தார். இப்போது சாதாரணச் சட்டைதான், வாரம் ஒருமுறை போடுகிறேன். முடியையும் வெட்டிவிட்டதால் பின்கழுத்து ஒட்டுதான் வெளியே தெரிகிறது. பஸ்ஸில் பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, “கிழிஞ்சிருச்சா தம்பி?” என்று கேட்டார்.