பிளனட் ட்ரம்: மத்தளம் பழகுபவர்கள் கேட்க வேண்டிய ஆல்பம்

கிறேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க றொக் குழுவின் ட்ரம்ஸ் வாசிப்பாளர் மிக்கி ஹார்ட், 1991இல் தன் பெயரில் வெளியிட்ட ஆல்பம் இது. தோல், மண், மர வாத்தியங்களும் மனிதக் குரலும்தான் இதில் பிரதானம். உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது இதற்குத்தான் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஹார்ட் தன்னை முன்னே தள்ளாதது. சாகிர் உசேனின் தபேலாவுக்கும் விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் தாராளமாக இடம் விட்டிருக்கிறார். நைஜீரியாவின் சிகிரு அடெபோஜு வாசிக்கும் பேசும் பறையைக் கவனித்துக் கேளுங்கள். கக்கத்தில் இடுக்கிக் கயிறுகளை அமுக்க அமுக்கச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். எங்கள் மட்டக்களப்பு அம்மன் கோயில் சடங்குகளில் உடுக்கின் இடைக்கயிற்றை இறுக்கி அடிப்பார்களே, அதே வேலைதான். அந்த இடம் வந்தால் நான் கையில் உள்ளதைக் கீழே வைத்துவிடுவேன்.

குறையும் உண்டு. சில துண்டுகள் சூடு பிடிக்கும்போதே முடிந்துவிடுகின்றன. விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்த காதுக்கு அது போதாது.

சரி, எப்படிக் கேட்பது? ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், அடித்தொனி முழுக்கப் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் மத்தளம் பழகும் பிள்ளைகள் முதலில் இந்த ஆல்பத்தின் 'உடு சான்ட்' என்ற துண்டைக் கேட்கட்டும், அப்புறம் மற்றவை.