பட்டாளத்துக்குப் போன பாட்டனைத் தேடுகிறீர்களா? பெயரை மட்டும் போடாதீர்கள்

ஏற்காட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்க அப்பாருவோட (தாத்தாவோட) அண்ணன் பட்டாளத்துக்குப் போனவரு, திரும்பவே இல்லையாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்துல பேரைப் போட்டா ஒண்ணும் வரல. அது தேறுமா?"

தேறும், பெயரைப் போடாமல் தேடினால். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் பட்டியல் அந்தத் தளத்தில் இருக்கிறது.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பட்டாளப் பதிவில் இருக்கும் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும், முதற்பெயர் காலி. வழக்கம்போல இனிஷியலைச் சேர்த்தால் ஒன்றும் சிக்காது. அடுத்து எழுத்துக்கூட்டல். குப்புசாமி 'கே'யில் தொடங்கலாம், 'சி'யிலும் தொடங்கலாம். 'சாமி'யை ஒருவர் ஸ்வாமி என்றும் இன்னொருவர் சாவ்மி என்றும் எழுதி வைத்திருப்பார். 'பி' ஒன்றா இரண்டா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா என்பதெல்லாம் ஆள் எடுத்த அன்று மேசையில் இருந்த குமாஸ்தாவின் சித்தம். எத்தனை வருடம் பழகினாலும் இந்த எரிச்சல் மட்டும் குறைவதில்லை.

வழி இதுதான். விரிவான தேடலுக்குப் போய்ப் பெயர்ப் பெட்டிகளைக் காலியாக விடுங்கள். எந்தப் போர் என்பதையும் இந்திய ராணுவம் என்பதையும் தேர்ந்தெடுங்கள். இந்த வடிகட்டலைத் தவிர்த்தால், ஊர்ப் பெயராகச் 'சேலம்' என்று போடும்போது வேல்ஸிலும் அமெரிக்காவிலும் இருக்கும் சேலங்கள் எல்லாம் வந்து நிற்கும். பிறகு கூடுதல் தகவல் பெட்டியில் ஊர்ப் பெயர் அல்லது அப்பா பெயர். நல்ல பதிவு என்றால் 'இன்னார் மகன், இந்த ஊர், இந்தத் தாலுகா, சேலம்' என்றே இருக்கும். சர்க்கார் ஆபீஸ் படியேறாமல் பூட்டன் பெயர்வரை கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. முடிவுகளை அட்டவணையாக இறக்கிக்கொண்டு, படைப்பிரிவு வாரியாக அடுக்கிப் பாருங்கள்.

ஊரிலும் ஒரு கண்ணி உண்டு. நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே முதல் போரில் இறந்த நாமக்கல்காரரைச் சேலத்தில் தேடிப் பயனில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இரண்டு போரிலுமே சேலம் கணக்கில்தான். சங்ககிரியை 'சங்கரிதுர்க்' என்று போட்டுப் பாருங்கள். படைப்பிரிவின் பெயரும் மாறும்: 1914இல் 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று இருந்தது 1922க்குப் பிறகு மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியன்.

தளத்தில் இறந்தவர்கள் மட்டுமே. அதிலும் 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. ஊர் திரும்பிப் பத்து வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தவர் இதில் வரமாட்டார். வராததாலேயே சாகவில்லை என்றும் சொல்ல முடியாது: முதல் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ நினைவுச்சின்னமே இன்றியோ விடப்பட்டதை ஆணையத்தின் 2021 அறிக்கையே ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள்; ஆனால் அவர்கள் மட்டும் இல்லை.

திரும்பி வந்தவருக்கு வீட்டுப் பரண்தான் ஆவணக் காப்பகம். பஞ்சாபுக்கு, முதல் போருக்குப் போனவர்களை ஊர்வாரியாக எழுதி வைத்த லாகூர் அருங்காட்சியகப் பதிவேடுகள் இணையத்தில் இருக்கின்றன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதக்கம் இருந்தால் ராஜா தலையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் விளிம்பைப் பாருங்கள். முதல் போர்ப் பதக்கத்தின் ஓரத்தைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொடி எழுத்தில் பதித்திருக்கும். ராஜா தலை போட்ட அந்தப் பதக்கம் வெள்ளிக்குப் பதில் வெண்கலமாக இருந்தால் தொழிலாளர் படையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் போரில் இந்தியர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கத்தில் பெயர் பின்பக்கம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் தேய்வது அந்த எழுத்துதான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் போதும். அந்த எண் கிடைத்துவிட்டால் அதே படைப்பிரிவில் ஐந்து குப்புசாமிகள் இருந்தாலும் உங்கள் குப்புசாமியைப் பிரித்துவிடலாம்.

தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம், இலவசம் என்பதால். காசு கேட்டிருந்தால் இரண்டுதான். குமாஸ்தாவுக்கு மதிப்பெண் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.